"சவுண்ட் புரூஃப்" என்று நுரைப்பஞ்சு ஒட்டிவிட்டுப் போனார்கள். வீட்டில் ஸ்டூடியோ வைக்கப் போகிறவர்கள் படியுங்கள்

கோவையில் எங்கள் வீட்டு மாடியில் 10க்கு 12 அடியில் ஒரு அறை சும்மா கிடந்தது. நாங்கள் நாலு பேர் ராக் வாசிக்கிறோம். சொந்தப் பாட்டு ஆறு கையில் இருந்தது. வெளி ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல், மாடி அறையிலேயே பதிவு செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தோம். பக்கத்து வீடுகளுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது என்பதுதான் ஒரே கவலை. அதற்காகத்தான் "சவுண்ட் புரூஃப்" விளம்பரம் ஒன்றைப் பார்த்து ஒரு ஆளைக் கூப்பிட்டோம்.

"தம்பி, வெளியே ஒரு பொட்டுச் சத்தம் போகாது. தீயும் பிடிக்காது, ஃபயர் ரேட்டட் மெட்டீரியல்" என்றார். 62,000 ரூபாய் பேசி, முக்கால்வாசியை முன்பணமாக வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு வேலை முடியட்டும் என்றார். இரண்டே நாளில் நாலு சுவரிலும் கூரையிலும் ஒரு இஞ்சு நுரைப்பஞ்சை ஒட்டி, இருந்த ஒரே ஜன்னலையும் அதை வைத்தே மூடிவிட்டார். கடைசி நாள் எங்களை உள்ளே நிறுத்திக் கையைத் தட்டிக் காட்டினார். முன்பு கணீரென்று எதிரொலித்த அறையில் தட்டின சத்தம் அப்படியே செத்து விழுந்தது. அசந்துபோய் மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டோம்.

நாங்கள் ஏமாந்தது அந்தக் கைதட்டலில்தான். கைதட்டலில் பெரும்பாலும் இருப்பது மேல் ஸ்தாயி. ஒரு இஞ்சு பஞ்சு அதை விழுங்கிவிடும். காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக் டிரம்மின் 80 ஹெர்ட்ஸ் தாழ்ந்த சத்தத்துக்கு அலைநீளமே 14 அடி. அது இந்தப் பஞ்சை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது. சத்தம் வெளியே போகாமல் இருக்க வேண்டுமென்றால் சுவருக்கு எடை வேண்டும், கதவு ஜன்னலில் காற்றுப் போக இடுக்கு இருக்கக் கூடாது. அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது வேறு வேலை, சத்தத்தை வெளியே விடாமல் தடுப்பது வேறு வேலை. முதல் வேலையை அரைகுறையாகச் செய்துவிட்டு இரண்டாவதற்குக் காசு வாங்கிக்கொண்டார்.

முதல் நாள் டிரம்ஸ் பதிவு செய்தோம். சாயங்காலமே பக்கத்து வீட்டு அம்மா வந்துவிட்டார். "ஏங்கண்ணு, பஞ்செல்லாம் ஒட்டியாச்சுன்னு சொன்னீங்களே, எங்கூட்டு அலமாரில டம்ளரெல்லாம் இன்னும் கிணுகிணுங்குதே?" ஒட்டுவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே.

பதிவும் கெட்டது. டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டான சிம்பல், துணி போர்த்தியது மாதிரி மங்கிப்போனது. கிடாரின் டிஸ்டார்ஷனில், அதாவது வேண்டுமென்றே கரகரப்பாக்கிய ஒலியில், இருந்த கூர்மை காணாமல் போனது. ஆனால் பேஸ் கிடாரில் ஏ கம்பியை மீட்டினால் அந்த ஒரு சுரம் மட்டும் அறையே அதிர முழங்கும். எங்கள் அறையின் அகலமும் 10 அடி, உயரமும் 10 அடி. இரண்டும் 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒத்து அதிரும். ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். பஞ்சு அதைத் தொடவே இல்லை.

இதையெல்லாம்கூடப் பணம் போனது என்று விட்டிருப்பேன். கழற்றும்போது ஒரு துண்டை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய்த் தீக்குச்சி வைத்தேன். சட்டென்று பற்றியது. எரிந்தபடியே உருகிச் சொட்டியது, கன்னங்கரேலென்று புகை. அந்தப் பஞ்சைத்தான் சுவிட்ச் பாக்ஸைச் சுற்றி, கிடார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் சூடாகிற இடத்துக்கு நேர் பின்னால், ஜன்னலையும் மூடிவிட்ட அறையில் ஒட்டியிருந்தார்கள். நாலு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு அதற்குள்ளேதான் உட்கார்ந்திருந்தோம். கை நடுங்கிவிட்டது.

2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் ராக் கச்சேரி நடந்தபோது, மேடை வாணத்தின் பொறி சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் நுரையில் பட்டு 100 பேர் இறந்தார்கள். அந்த நுரையை அங்கே ஒட்டியதே பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்தைப் பற்றிப் புகார் சொன்னதால்தான். 2013இல் பிரேசிலின் சாந்தா மரியா நகரில் கிஸ் என்ற இரவு விடுதியிலும் இப்படித்தான், கூரை நுரையில் தீப்பிடித்து 242 பேர் போனார்கள்.

அந்த ஆள் இப்போது போனை எடுப்பதில்லை. விளம்பரம் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிட்டோம். பசையோடு பெயிண்ட்டும் பெயர்ந்து வந்தது. இப்போது மரச்சட்டத்துக்குள் நாலு இஞ்சு ராக்வூல் (பாறையை உருக்கி இழுத்த இழைப் பஞ்சு) வைத்து, துணி சுற்றி, மூலைகளில் நிறுத்தியிருக்கிறோம். ராக்வூல் எரியாது. வெட்டும்போது மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம், தூசு மோசம். ஏ கம்பியின் முழக்கம் முழுக்கப் போகவில்லை, ஆனால் மிக்ஸ் பண்ணும் அளவுக்கு அடங்கியிருக்கிறது. டிரம்ஸை மட்டும் வாடகை அறையில் ஒரே நாளில் முடித்துக்கொள்கிறோம். கிடாரும் பேஸும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸுக்குள் நேராகப் போகின்றன, கேட்பது ஹெட்போனில்.

உங்கள் வீட்டுக்கு வந்து யாராவது கை தட்டிக் காட்டினால், நீங்கள் தெருவில் போய் நின்றுகொண்டு உள்ளே பேஸ் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் உள்ளங்கை அளவு பஞ்சு ஒன்று கேட்டு வாங்கி, திறந்த வெளியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு கொளுத்திப் பாருங்கள். தரமாட்டேன் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.