இன்டீரியர் கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அவர் செய்த பழைய வீட்டின் சிங்க் அடியைத் தொட்டுப் பாருங்கள்

பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் மறைந்துவிட்டால் மோசடி உடனே தெரிந்துவிடும். அதைவிட அதிகம் நடப்பது வேறு. கொட்டேஷனில் 'பி.டபிள்யூ.பி. பிளைவுட்' (கொதிநீரையும் தாங்கும் பிளைவுட்) என்று இருக்கும், உள்ளே போயிருப்பது மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டியபின் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஒன்றிரண்டு மழைக்காலம் போனதும் கிச்சன் சிங்க்குக்கு அடியில் பலகை உப்பும், விரலால் அழுத்தினால் தூளாக உதிரும். அப்போது போன் போட்டால் யாரும் எடுப்பதில்லை.

பழைய வாடிக்கையாளர்களிடம் விசாரித்தும் ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். காரணம், அவர் தரும் நம்பர்கள் அவரே பொறுக்கிக் கொடுத்தவை, பெரும்பாலும் போன மாதம் சாவி கொடுத்த வீடுகள். புது வீட்டில் எந்தக் குறையும் வெளியே தெரியாது. அதனால் நீங்களே கேளுங்கள்: இரண்டு வருஷம் முன்னால் முடித்த வீடு ஒன்று, இப்போது வேலை நடக்கும் வீடு ஒன்று. போனோடு நிறுத்தாமல் நேரில் போங்கள்.

பழைய வீட்டில் சிங்க் கதவைத் திறந்து அடிப்பலகையையும் பின்பலகையையும் தடவிப் பாருங்கள். அடுப்பை ஒட்டிய கதவுகளின் ஓரப்பட்டை சூட்டில் பிரிந்திருக்கிறதா என்று நகத்தால் நெருடுங்கள். பாத்திரம் நிறைந்த டிராயரை முழுசாக இழுங்கள். கதவைத் திறந்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். கீல் ஆடினால் ஸ்க்ரூ பிடிப்பு விட்டிருக்கிறது. பார்ட்டிகிள் போர்டில் ஒருமுறை விட்ட பிடிப்பு அதே ஓட்டையில் மறுபடி நிற்காது.

வீட்டுக்காரரிடம் "நல்லா செஞ்சாங்களா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்றுதான் சொல்வார். கொட்டேஷன் எவ்வளவு, கடைசியில் கொடுத்தது எவ்வளவு? லாஃப்டுக்குத் தனியாக வாங்கினார்களா? கடைசித் தவணை கொடுத்த பிறகு கூப்பிட்டதற்கு வந்தார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வேலை நடக்கும் வீட்டில் பிளைவுட் 8க்கு 4 அடி முழு ஷீட்டாக இறங்குகிறதா பாருங்கள். ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், பி.டபிள்யூ.பி. பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 என்ற தர எண்ணும், 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். அந்த லைசென்ஸ் எண்ணை, ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் அரசு அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். ஃபேக்டரியில் அறுத்து வருகிறது என்றால், மைக்கா ஒட்டும் முன் அங்கேயே போய்ப் பார்க்கக் கேளுங்கள். ஆசாரிகளிடம் கூலி பாக்கி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பாக்கி வைத்திருப்பவர் உங்கள் அட்வான்ஸில்தான் முந்தைய வீட்டுக் கடனை அடைப்பார், உங்கள் வேலை அடுத்தவர் அட்வான்ஸுக்காகக் காத்துக் கிடக்கும்.

அட்வான்ஸ் 10 சதவீதத்தோடு நிற்கட்டும். மீதியைப் பலகை இறங்கியதும், பெட்டிகள் மாட்டியதும், கதவு போட்டதும் என்று பிரித்துக் கொடுங்கள். கடைசி 10 சதவீதத்தைக் குறைகள் சரிசெய்யும் வரை விடாதீர்கள். "பில் வேண்டாம்னா 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மிச்சம்" என்பதற்கு இணங்காதீர்கள். பில் இல்லாவிட்டால் பின்னால் வழக்கை நிரூபிப்பது சிரமம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கொட்டேஷன், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, உப்பிய பலகையின் படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.