ஏற்காட்டில் அறையா, சேலத்தில் அறையா?

மூன்று நாள் விடுமுறைக்கு ஏற்காட்டில் அறை எடுப்பதா, சேலம் நகரத்தில் தங்கி மலைக்கு ஒருநாள் மட்டும் போய்வருவதா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. முடிவில் நகரத்தில்தான் தங்கினோம். மறுபடி போனாலும் அப்படியே செய்வேன் என்பதால், இதை நடுநிலையான ஒப்பீடு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

மேலே குளிர், ஏரியில் படகு. கீழே நினைத்த நேரத்தில் சாப்பாடு, மாலையில் தட்டுவடை செட். இவை எல்லாரும் அறிந்தவை. எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது மலைப்பாதைதான்.

சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்கு, 30 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறிவிடுகிறோம். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். தாரமங்கலத்தையும் மேட்டூர் அணையையும் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். மலையில் தங்கினால் முதல் நாள் ஏற்றம், இரண்டாம் நாள் இறங்கி மீண்டும் ஏற்றம், மூன்றாம் நாள் இறக்கம் என்று மொத்தம் 80 வளைவுகள் ஆகின்றன; நகரத்தில் தங்கினால் அதில் பாதிதான். காது அடைத்துக்கொள்வதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் பத்தாவது வளைவுக்குள் வாந்தி எடுக்கும் ஒருவரை இரண்டாவது முறையும் ஏற்றிச் செல்ல மனம் வராது. வண்டி ஓட்டுபவருக்கும் இது சின்ன விஷயமன்று: ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகலாம். மேட்டூரிலிருந்து திரும்புவதற்குள் இருட்டிவிடும் என்பதால் அந்த இரண்டாவது ஏற்றம் இரவில், பனிமூட்டத்தில் அமைந்திருக்கும்.

மலைக்கு ஒதுக்கிய நாளில் விடியற்காலையில் கிளம்பி, கூட்டம் சேருமுன் சேர்வராயன் கோயிலுக்குப் போய்விட்டோம். அங்கே குகைக்குள் சேர்வராயனுடன் காவேரி அம்மனும் இருக்கிறாள். அவளை வணங்கிய மறுநாளே 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையில் காவிரி தேங்கி நிற்பதைப் பார்த்தது அம்மாவுக்குத் தனி நிறைவு. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலை மட்டும் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். கல்சங்கிலியையும் யாளியின் வாயில் உருளும் கல்லையும் அவசரமில்லாமல் பார்க்க வேண்டும்.

நாங்கள் இழந்ததையும் சொல்லிவிட வேண்டும். லேடீஸ் சீட்டில் நின்று இரவில் சேலத்தின் விளக்குகளைப் பார்ப்பதும், காலையில் கதவைத் திறந்தவுடன் மூடுபனி முகத்தில் படுவதும் மேலே தங்கியவர்களுக்கே கிடைக்கும். சமவெளியில் எதையும் பார்க்கத் தேவையில்லை, காப்பித் தோட்டத்தில் சும்மா இருந்தால் போதும் என்பவர்களுக்கு எப்படியும் 40 வளைவுகள்தான். அவர்களுக்கு என் கணக்குப் பொருந்தாது, ஏற்காடே சரி. மேலே உள்ள விடுதிகளின் தரத்தைப் பற்றி என் சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், திருமணத்துக்கு முன் ஒரே ஓர் இரவு தங்கியதுதான் என் அனுபவம். குப்பனூர் வழியாக மலைக்குச் செல்லும் இன்னொரு சாலையிலும் ஒருமுறைதான், அதுவும் பகலில்தான், சென்றிருக்கிறேன்.