புரதத்தை ஒட்ட ஸ்பைகேட்சர்: மூன்று வருடம் பயன்படுத்தியதில்

முன்பெல்லாம் இரண்டு புரதங்களை ஒட்ட ரசாயன இணைப்பான்களைத்தான் பயன்படுத்தினேன். எந்த இடத்தில் ஒட்டும், எத்தனை இடத்தில் ஒட்டும் என்பது நம் கையில் இருக்காது. பாதிப் புரதம் திரண்டு அடியில் தங்கிவிடும். ஒன்றோடொன்று தாமாகவே ஒட்டிக்கொள்ளும் ஸ்பைடேக், ஸ்பைகேட்சர் என்ற புரதத் துண்டு ஜோடிக்கு மாறி மூன்று வருடம் ஆகிறது. இனி பழையதற்குத் திரும்ப மாட்டேன்.

இது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீனிஸிடமிருந்து வந்தது, தொண்டைப்புண்ணை உண்டாக்கும் அதே பாக்டீரியாதான். அதன் மேற்பரப்புப் புரதம் ஒன்றில் லைசின், அஸ்பார்டேட் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் தாமாகவே பிணைந்துகொள்ளும். ஆக்ஸ்ஃபோர்டில் மார்க் ஹோவார்த் குழு அந்தப் பகுதியை இரண்டாகப் பிரித்து, மெருகேற்றி, 2012இல் வெளியிட்டது. 13 அமினோ அமிலம் கொண்ட சின்னத் துண்டு ஸ்பைடேக், பெரியது ஸ்பைகேட்சர்.

ஸ்பைகேட்சரின் மரபணு உள்ள பிளாஸ்மிட் (வட்ட வடிவ டி.என்.ஏ), ஆய்வகங்களுக்கு பிளாஸ்மிட் அனுப்பும் ஆட்ஜீன் என்ற அமைப்பிடமிருந்து வந்தது. சின்னக் குழாயில் கொஞ்சம் அகர், அதற்குள் பிளாஸ்மிட்டைச் சுமக்கும் ஈ.கோலி பாக்டீரியா. ஆம்பிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கலந்த தட்டில் இழுத்துவிட்டேன், மறுநாள் காலை காலனிகள் தயார். அவற்றை வளர்த்து, புரதத்தைப் பிடித்துப் பிரிக்கும் நிக்கல் வடிகுழாயில் விட்டபோது புரதமும் சுத்தமாக வந்தது.

முதல் சோதனைக்கு, வாலில் ஸ்பைடேக் சேர்த்த பச்சை ஒளிர்புரதத்தை எடுத்தேன். இரண்டையும் 10 மைக்ரோமோலார் அளவில் கலந்து, 1, 5, 30 நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, புரதத்தின் மடிப்பைக் குலைக்கும் எஸ்டிஎஸ் சேர்த்துக் கொதிக்க வைத்தேன். சாதாரணப் பிடிப்பாக இருந்தால் அந்தக் கொதியில் பிரிந்திருக்கும். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில், முதல் நிமிடத்திலேயே மேலே ஒட்டிய புரதத்தின் புதிய பட்டை தெரிந்தது. 30 நிமிடத்தில் கீழே இருந்த, ஒட்டாத இரண்டு புரதங்களின் பட்டைகளும் கிட்டத்தட்ட மறைந்துவிட்டன. சாயம் கழுவக் கழுவ அந்தப் பட்டை தெளிந்து வந்ததை நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் ஒரு நொதியோடு ஸ்பைடேக்கை இடைவெளியே இல்லாமல் சேர்த்துவிட்டேன். பாதிகூட ஒட்டவில்லை. நடுவில் கிளைசின், செரின் கொண்ட நெகிழ்வான இணைப்பு வைத்தபின் சரியானது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலிலேயே வைத்துவிடுங்கள்.

குறை என்றால், ஒட்டினது ஒட்டினதுதான், பிரித்தெடுக்க வழியில்லை. ஸ்பைகேட்சரும் பாக்டீரியாப் புரதம் என்பதால் தடுப்பூசித் துகள்களில் வைக்கும்போது உடல் அதற்கும் எதிர்ப்பொருள் உண்டாக்கலாம். அந்த வேலை செய்பவர்கள் இதை அளந்து பார்த்தே ஆக வேண்டும்.

நீர்த்த கரைசலில் இந்த ஜோடியின் முதல் பதிப்பு மெதுவாகத்தான் ஒட்டும். அங்கே 2019இல் வந்த 003 பதிப்பை வாங்குங்கள், ஏறக்குறைய 400 மடங்கு வேகம். என் குளிர்பெட்டியில் இப்போது அதுதான் இருக்கிறது.