ஊசிக்கு முன் தடவும் மரத்துப்போகும் க்ரீம்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த க்ரீம் ஊசி குத்துகிற வலியை எடுக்கும். மருந்து உள்ளே இறங்கும்போது வருகிற எரிச்சலை எடுக்காது. இது முன்பே தெரிந்திருந்தால் என் பையனிடம் நான் ஒரு பொய் சொல்லாமல் இருந்திருப்பேன்.

பையனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. க்ரோன்ஸ் நோய், அதாவது குடலில் நீண்டநாள் இருக்கும் அழற்சி. சிறுகுடல் முடிகிற இடத்தில் புண், தீராத வயிற்றுவலி, ஒரு வருடமாக எடையே ஏறவில்லை, பள்ளியில் இரண்டு பீரியடுக்கு ஒருமுறை பாத்ரூம் ஓட்டம். ஆரம்பத்தில் இது குடல் டிபியா க்ரோன்ஸா என்றே குழப்பம். நம் ஊரில் இது பல வீடுகளில் நடப்பதுதான், கொலனோஸ்கோபியில் (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியுமாம். டிபி மாத்திரை சில மாதம் சாப்பிட்டும் புண் ஆறாத பிறகுதான் க்ரோன்ஸ் என்று முடிவானது. அப்புறம் ஆறு வாரம் சாப்பாடே கிடையாது, டப்பாவில் வரும் சத்துப் பவுடரைக் கரைத்துக் குடிப்பது மட்டும். பொங்கல் அன்று கீழே சர்க்கரைப் பொங்கல் வாசம் வரும்போது அவன் மாடியில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தான். அந்த ஆறு வாரத்தில் நன்றாகத் தேறினான், ஆனால் சாப்பாட்டுக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் மலப் பரிசோதனையில் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) அளவு மறுபடி ஏறிவிட்டது. சரி, ஊசி ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். அடலிமுமாப். குடலில் அழற்சியை மூட்டிவிடும் டிஎன்எஃப் என்ற புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிற மருந்து.

இது எவ்வளவு ஊசி என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. 40 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும் பிள்ளைகளுக்கு வழக்கமான அளவு முதல் நாள் 160 மில்லிகிராம், 15-ஆம் நாள் 80, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40. இவன் 41 கிலோ. எங்களுக்குக் கிடைத்த சிரிஞ்ச் ஒவ்வொன்றும் 40 மில்லிகிராம். அதாவது முதல் நாளே நாலு ஊசி. (இதை இரண்டு நாளாகப் பிரித்துப் போடவும் வழி இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் டாக்டரிடம் முன்னாடியே கேளுங்கள்.)

முதல் நாள் ஆஸ்பத்திரியில் ஐஸ் டப்பாவிலிருந்து எடுத்த சில்லிப்பு போகும் முன்பே நாலையும் வேகமாகப் போட்டு முடித்தார்கள். யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "எறும்பு கடிச்ச மாதிரிதான்டா இருக்கும்" என்று என் மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். திரும்பி வந்ததும் வாசலிலேயே "எறும்பு இல்ல பாட்டி, தேள்" என்றான். அன்று இரவு என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "இத மாத்திரையா தரவே முடியாதாம்மா?" என்று கேட்டான். அது ஒரு புரதம், வாய் வழியாகக் கொடுத்தால் முட்டை செரிக்கிற மாதிரி வயிற்றிலேயே செரித்துவிடும், அதனால்தான் ஊசி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ வருஷத்துக்கு 26 தடவை" என்றான். கணக்குப் போட்டுவிட்டான்.

எனக்கும் அந்த 26-தான் பயம். ஒரு தடவை அழுது முடிந்தால் போச்சு என்கிற விஷயம் இல்லை இது. பிள்ளை பயந்துகொண்டு தவணையைத் தள்ளித் தள்ளிப் போட்டால், உடம்பு அந்த மருந்துக்கே எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) உண்டாக்கி மருந்து கேட்காமல் போகும் வாய்ப்பு கூடும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆக முதல் இரண்டு மூன்று தவணையில் பயம் ஊறிவிடக் கூடாது.

குழந்தைகள் வார்டில் இருந்த ஒரு சிஸ்டர்தான் இந்த க்ரீமைச் சொன்னார். லிடோகெயின், பிரைலோகெயின் இரண்டும் தலா 2.5 சதவீதம் கலந்தது. சின்னக் குழந்தைகளுக்கு ட்ரிப்ஸ் ஊசி ஏற்றும் முன் தடவுவார்களாம். மெடிக்கல் ஷாப்பில் 5 கிராம் ட்யூப் கிடைத்தது. ஊசி மருந்தின் விலைக்கு முன்னால் இதன் விலை ஒன்றுமே இல்லை.

இரண்டாவது தவணைக்கு முந்தின நாள் என் கையிலேயே தடவிப் பார்த்தேன். தலைவலித் தைலம் மாதிரி நன்றாகத் தேய்த்து, 20 நிமிடம் கழித்து ஊக்கால் தொட்டுப் பார்த்தால் சுருக்கென்றது. பணம் போச்சு என்று நினைத்தேன். அப்புறம் தாளை எடுத்துப் படித்தால், தேய்க்கவே கூடாது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்துக்குத் தடிமனாக, வெண்ணெய் வைக்கிற மாதிரி வைத்து, மேலே ஒட்டும் பிளாஸ்டிக் படலம் போட்டு மூடி, குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். அப்படிச் செய்து பார்த்தபோது தொடுவது தெரிந்தது, குத்துவது தெரியவில்லை. தோல் வெளுத்துப்போயிருந்தது, பயப்பட வேண்டாம், அது வழக்கம்தான்.

15-ஆம் நாள் இரண்டு தொடையிலும் ஒரு மணி நேரம் முன்னால் வைத்தேன். "இன்னைக்கு வலிக்கவே வலிக்காது பாரு" என்றேன். ஊசி உள்ளே போனது அவனுக்குத் தெரியவே இல்லை, என்னைப் பார்த்துச் சிரித்தான். சிஸ்டர் மருந்தை அழுத்த ஆரம்பித்ததும் முகம் மாறிவிட்டது. கத்தவில்லை. "பொய் சொன்னல்ல" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு முதல் நாளின் நாலு ஊசியே தேவலாம் என்று இருந்தது எனக்கு.

காரணம் அப்புறம் புரிந்தது. இந்த க்ரீம் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஆழம், இரண்டு மணி நேரத்தில் 5 மில்லிமீட்டர் ஆழம் வரைதான் மரக்கவைக்கும். ஊசி மருந்து இறங்குவதோ தோலுக்குக் கீழே இருக்கிற கொழுப்பில். போதாததற்கு, அடலிமுமாபின் பழைய தயாரிப்பு முறையில் சிட்ரேட் என்ற உப்பு சேர்க்கிறார்கள், எரிச்சலுக்கு முக்கியக் காரணம் அதுதான். எங்கள் ஊசியின் தாளிலும் அது இருந்தது. சிட்ரேட் இல்லாத தயாரிப்பும் உண்டு, அவற்றில் சிலவற்றில் 40 மில்லிகிராமுக்கு 0.8 மில்லிக்குப் பதில் 0.4 மில்லி மருந்துதான் வரும். உங்களுக்கு எழுதிக்கொடுப்பது எது என்று வாங்கும் முன் தாளைப் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

எரிச்சலைக் குறைத்தவை வேறு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 15 முதல் 30 நிமிடம் வெளியே வைப்பது, அதுவே பாதி எரிச்சலைக் குறைத்தது. சீக்கிரம் ஆகட்டும் என்று வெந்நீரில் வைக்கக் கூடாது, வெயிலிலும் வைக்கக் கூடாது, எங்கள் ஊரில் சித்திரையில் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி என்பதால் நான் 15 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஸ்பிரிட் துடைத்த இடம் முழுக்கக் காய்ந்த பிறகே குத்த வேண்டும், ஈரமாக இருந்தால் அது தனியாக எரியும். அப்புறம் மெதுவாக அழுத்துவது. ஒன்று முதல் பதினைந்து வரை அவன் எண்ணுவான், அந்த வேகத்தில்தான் மருந்து போகும், "நிறுத்து" என்றால் கட்டைவிரல் நிற்கும். இதை அவனிடம் சத்தியம் செய்துகொடுத்துவிட்டேன். மூன்றாவது தவணையில் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னான், நிறுத்தினேன். நாலாவதில் ஒரு தடவை. அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

மூன்றாவது தவணையிலிருந்து வீட்டில்தான். சிஸ்டர் எனக்குச் சாத்துக்குடியில் குத்தச் சொல்லிக்கொடுத்தார். எந்தத் தொடை, தொடையா வயிறா (தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுவிட வேண்டும், போன தடவை போட்ட இடத்திலேயே மறுபடி போடக் கூடாது), எந்தக் கிழமை, யார் பக்கத்தில் இருக்கலாம் என்பதெல்லாம் அவன் முடிவு. ஊசி உண்டா இல்லையா என்பது மட்டும் அவன் முடிவு இல்லை. "வலிக்காது" என்ற சொல்லை வீட்டில் தடை செய்துவிட்டோம், பாட்டிக்கும் சேர்த்துத்தான். "குத்துறது தெரியாது, அப்புறம் பதினஞ்சு எண்ற வரைக்கும் எரியும்" என்றுதான் சொல்கிறோம். இதைச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அவன் க்ரீமையே நம்பினான்.

க்ரீமைப் பற்றிய குறைகளையும் சொல்ல வேண்டும். கூட வாங்குகிற ஒட்டும் படலத்தைப் பிய்க்கும்போது தொடை முடியோடு வரும், ஊசியைவிட அதற்குத்தான் அவன் அதிகம் முகம் சுளித்தான். இப்போது சமையலறையில் பாத்திரம் மூடுகிற க்ளிங் ராப்பைச் சுற்றிவிடுகிறேன், அதுவே போதும். இரண்டாவது, அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பு. சில பிள்ளைகளுக்கு அது ஒரு மணி நேரப் பயமாகிவிடும். நாங்கள் வீட்டுப்பாடம் எழுத உட்காரும்போது தடவிவிடுவோம், எழுதி முடிக்கும்போது நேரமும் ஆகிவிடும். உங்கள் பிள்ளை காத்திருந்தால் நடுங்குகிறவன் என்றால், கைக்குட்டையில் சுற்றிய ஐஸ் கட்டியை அரை நிமிடம் வைத்துவிட்டு உடனே போட்டுவிடுவது மேல் என்பது என் அபிப்பிராயம். புண், சொறி இருக்கும் தோலில் தடவாதீர்கள். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைப் பாதிக்கும் பரம்பரைக் குறைபாடு) இருந்தாலோ மரப்பு மருந்து முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ட்யூபை உயரத்தில் வையுங்கள்.

ஊசி புதிதாக ஆரம்பிக்கும் வீட்டாருக்கு இன்னும் கொஞ்சம். டிபி பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எப்படியும் எடுக்கச் சொல்வார்கள். அம்மைத் தடுப்பூசி போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் பாக்கி இருக்கிறதா என்று நீங்களாகவே கேளுங்கள், ஊசி ஆரம்பித்த பிறகு அவற்றைப் போட முடியாது. காய்ச்சல் இருக்கும் நாளில் டாக்டரிடம் பேசாமல் ஊசி போடாதீர்கள். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவிலும் வேண்டாம், ஐஸ் பெட்டியை ஒட்டியும் வேண்டாம், ஒருமுறை உறைந்துவிட்டால் கரைந்த பிறகும் அதைப் பயன்படுத்தக் கூடாது. போட்டு முடித்த சிரிஞ்சைக் குப்பையில் போடாமல் கெட்டியான மூடி போட்ட டப்பாவில் சேர்த்து வைத்து, அடுத்த செக்கப்புக்குப் போகும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுகிறோம்.

க்ரீமுக்கு 5-க்கு 4 கொடுப்பேன். அது செய்வதாகச் சொல்லும் வேலையைச் சரியாகச் செய்கிறது. குறைத்த ஒரு புள்ளி பிய்த்தெடுக்கும் படலத்துக்காக.

போன மாதம் அவனே சிரிஞ்சைப் பிடித்துக் குத்திக்கொண்டான், நான் பக்கத்தில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடை இப்போது 46 கிலோ. அடுத்த ஊசி வரும் ஞாயிறு. ட்யூபில் பாதி மிச்சம் இருக்கிறது. புதிது வாங்கலாமா என்று கேட்டதற்கு, வயிற்றில் போடும்போது மட்டும் வேண்டும், தொடைக்கு வேண்டாம் என்றான்.