லேப்டாப் பியானோ: சத்தத்தை எந்த இடத்தில் கூட்ட, எந்த இடத்தில் குறைக்க?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பாடகர் குழுக்களில் கீபோர்டு வாசிக்கிற பையன்கள் நிறைய பேர் இப்போது கீபோர்டின் சொந்த ஒலியை விட்டுவிட்டு, யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு கோர்த்து, அதிலிருக்கிற மென்பொருள் பியானோவை வாசிக்கிறார்கள். நல்ல விஷயம். சாலமாண்டர் கிராண்ட் பியானோ என்று இலவசமாகக் கிடைப்பதே ஒரு யமஹா சி5 பியானோவை 16 அழுத்த அடுக்குகளில், அதாவது மெதுவாக அடிப்பதிலிருந்து பலமாக அடிப்பது வரை 16 படிகளில், பதிவு செய்தது. ஆனால் ஆராதனையில் உட்கார்ந்து கேட்டால் ஒன்று பியானோ எழும்பவே மாட்டேன் என்கிறது, இல்லையென்றால் எல்லாரும் சேர்ந்து பாடுகிற இடத்தில் கரகரக்கிறது. மென்பொருளை மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால், சத்தத்தைத் திருக ஐந்து இடம் இருக்கிறது, ஐந்தும் ஐந்து வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாரும் முதலில் தொடுவது விண்டோஸின் வால்யூம் மிக்சர். கீழே ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்தால் வரும். விஸ்டா காலத்திலிருந்தே ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி வால்யூம் உண்டு. யூடியூபில் ஒரு டிராக்கை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசித்துப் பழகுகிறவர்களுக்கு இதைவிட வசதியானது இல்லை, டிராக்கைக் கொஞ்சம் இறக்கி பியானோவை ஏற்றிவிடலாம். ஆனால் விரல் வைத்த உடனே ஒலி வர வேண்டும் என்று ஏஎஸ்ஐஓ என்கிற, ஒலித் தாமதத்தைக் குறைக்கிற டிரைவர் போட்டிருந்தால், ஒலி பொதுவாக விண்டோஸ் மிக்சர் வழியாகப் போகாது, இந்த வால்யூமை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. ஆன்லைனில் பியானோ சொல்லிக்கொடுக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வீடியோ அழைப்பு தொடங்கியதும் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைத்துவிடுகிற ஒரு அமைப்பு விண்டோஸிலேயே இருக்கிறது. பழைய சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் கம்யூனிகேஷன்ஸ் என்ற பகுதிக்குப் போய் 'டூ நத்திங்' என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும். அதே பேனலில் லவுட்னஸ் ஈக்வலைசேஷன் என்று இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள், மெதுவாக வாசித்ததையும் பலமாக வாசித்ததையும் அது ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

இரண்டாவது, மென்பொருளுக்குள்ளேயே இருக்கிற வால்யூம். கரகரப்பு பெரும்பாலும் பிறப்பது இங்கேதான். பெடலை மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் கார்டு பிடிக்கும்போது ஏற்கனவே ஒலித்துக்கொண்டிருக்கிற சுரங்களோடு புதிய சுரங்களும் கூடிக்கூடி, மீட்டரின் உச்ச வரம்பான 0 டெசிபலைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்டு வெளியே வந்ததை அப்புறம் யார் எங்கே குறைத்தாலும் கரகரப்பு கூடவே வரும். அதனால் உங்கள் பாட்டிலேயே மிகப் பலமான இடத்தைப் பெடலோடு வாசித்து, மீட்டர் மைனஸ் 6 டெசிபலுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 6 டெசிபல் என்றால் அலையின் உயரம் கிட்டத்தட்ட பாதி. அந்த அளவு இடம் விட்டுவைத்தால் பண்டிகை நாள் வேகத்தில் கை பலமாக விழுந்தாலும் தாங்கும்.

மூன்றாவதை வால்யூம் என்று சொல்வதே சரியில்லை, ஆனாலும் அதைத் திருகித்தான் பலர் சத்தத்தைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள்: வெலாசிட்டி. கட்டை எவ்வளவு வேகமாகக் கீழே போகிறது என்பதை, கீபோர்டும் லேப்டாப்பும் பேசிக்கொள்கிற மொழியான மிடி, 1 முதல் 127 வரையிலான எண்ணாக அனுப்புகிறது. நல்ல மென்பொருள் பியானோவில் எண் குறைந்தால் ஒலி சிறுப்பது மட்டுமில்லை, குணமே மாறும். 40இல் சுரம் மங்கலாக, பஞ்சு வைத்த மாதிரி வரும். 110இல் கம்பி பளீரென்று தெறிக்கும். நிஜப் பியானோவிலும் அப்படித்தான். ஆகவே சத்தம் போதவில்லை என்று வெலாசிட்டி வளைவை (எந்த அழுத்தத்துக்கு எந்த எண் என்று தீர்மானிக்கிற அமைப்பை) ஏற்றிவிட்டால், திருவிருந்து நேரத்தில் மெல்ல வாசிக்க வேண்டிய கீர்த்தனைகூட அறைகிற மாதிரி கேட்கும். இதை உங்கள் விரலுக்கும் உங்கள் கீபோர்டுக்கும் ஏற்றபடி ஒருமுறை அமைத்துவிட்டு அதோடு விட்டுவிட வேண்டும். சாதாரணமாக அழுத்தினால் 60, 70 பக்கம் வருகிறதா என்று பாருங்கள். லேசாகத் தொட்டாலே 100ஐத் தாண்டுகிறதென்றால் வளைவைக் கீழே இழுங்கள். பியானோடெக் என்ற மென்பொருளில் வால்யூமும் டைனமிக்ஸும் (மெதுவுக்கும் பலத்துக்கும் இடையிலான வித்தியாசம்) தனித்தனியாக இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த அம்சம், எதைத் தொடுகிறோம் என்ற குழப்பமே வராது. லேப்டாப்பின் தட்டச்சுக் கட்டைகளிலேயே வாசிப்பவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை: அந்தக் கட்டைக்கு அழுத்தம் தெரியாது, எல்லாச் சுரமும் ஒரே எண்ணில்தான் போகும்.

நான்காவது, வாசித்துக்கொண்டே மாற்றுவதற்கான மிடி கன்ட்ரோல். 7ஆம் எண் அந்தச் சானலின் வால்யூம், 11ஆம் எண் அதற்குள் ஏற்றி இறக்குகிற எக்ஸ்பிரஷன். மென்பொருள் இவற்றை ஏற்றுக்கொள்ளுமானால் 11ஐக் காலில் ஒரு எக்ஸ்பிரஷன் பெடலுக்குக் கொடுங்கள், ஜெபம் தொடங்கும்போது கையை எடுக்காமலே பின்னணியை அடக்கிவிடலாம். பல கீபோர்டுகளின் மெயின் வால்யூம் குமிழ் அதன் சொந்த ஸ்பீக்கருக்கு மட்டும்தான், மிடியில் எதையும் அனுப்பாது. அதைத் திருகி ஒன்றும் நடக்கவில்லை என்றால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

கடைசியாக மைக் செட் மிக்சர். லேப்டாப்பை 20 சதவீதத்தில் வைத்துவிட்டு மிக்சரில் கெயினை ஏற்றினால் பியானோவோடு சேர்ந்து இரைச்சலும் சார்ஜரின் 'ம்ம்ம்' சத்தமும் ஏறும். பேச்சிப்பாறையில் மதகைத் திறக்காமல் கடைவரம்பில் மடையை எவ்வளவு தூக்கினாலும் சேறுதான் வரும். நல்ல மைக் செட்டுக்காரர் "நீ குறைச்சு வைக்காத தம்பி, நான் பாத்துக்கிடுதேன்" என்றுதான் சொல்வார், அவர் சொல்வது முழுக்கச் சரி. இரைச்சல் கேட்டால் ஒரு நிமிடம் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் அதுதான், லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் வைத்து இந்த இரைச்சலைத் தடுக்கிற டிஐ பாக்ஸ் ஒன்று வாங்கிவிடலாம். இன்னொன்று, ஹெட்போன் ஓட்டையிலிருந்து வருகிற ஸ்டீரியோ பின்னை அப்படியே மிக்சரின் பேலன்ஸ்டு மோனோ உள்ளீட்டில் செருகினால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பியானோ மெலிந்துபோகும். இரண்டாகப் பிரிகிற கேபிள் போட்டு இரண்டு சானலில் கொடுங்கள்.

என் தேர்வு இதுதான். வீட்டில் இயர்போனில் பழக விண்டோஸ் மிக்சரே போதும். சர்ச்சில் மென்பொருள் மைனஸ் 6இல், விண்டோஸ் 80 முதல் 100க்குள், மீதியெல்லாம் மைக் செட் மிக்சரில், காலில் எக்ஸ்பிரஷன். ஒருமுறை அமைத்த வெலாசிட்டி வளைவை அப்புறம் தொடவே கூடாது. கிறிஸ்துமஸுக்கு வண்டியில் பாடிக்கொண்டே வீடு வீடாகப் போகிற கேரல் ரவுண்ட்ஸுக்கு மட்டும் கணக்கு வேறு. டெம்போ வண்டியின் இன்ஜினும் டிரம்மும் ஓடுகிற இடத்தில் மெதுவாக வாசித்தது எதுவும் கேட்காது, அங்கே டைனமிக்ஸைச் சுருக்கி, வளைவைத் தட்டையாக்கி, சுரமெல்லாம் ஏறக்குறைய ஒரே பலத்தில் வரும்படி செய்வதுதான் நியாயம். இரண்டையும் 'சர்ச்', 'ரவுண்ட்ஸ்' என்று தனித்தனி பிரீசெட்டாகச் சேமித்துவிடுங்கள், டிசம்பரில் வண்டியில் ஏறிய பிறகு இருட்டில் திருகிக்கொண்டிருக்க வேண்டாம்.