உடைந்த முன்பல்லுக்கு லேசர் சிகிச்சை: போய் வந்த அனுபவம்

கிரிக்கெட் பந்து பட்டு மகனின் மேல் முன்பல் பாதி உடைந்து பல்கூழ் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் மென்மையான பகுதி) சிவப்பாகத் தெரிந்தது. முளைத்துக் கொஞ்ச காலமே ஆன நிரந்தரப் பல், வேர் நுனி இன்னும் மூடவில்லை, அதனால் வேர் சிகிச்சைக்குப் போகாமல் பல்லை உயிரோடு காப்பாற்றப் பார்க்கலாம் என்று எக்ஸ்ரேயைக் காட்டி டாக்டர் பொறுமையாக விளக்கியது ரொம்பப் பிடித்தது. எர்பியம் லேசர் தண்ணீர் தெளித்தபடியே வேலை செய்கிறது, டிரில் மாதிரி அதிர்வு இல்லை, பையன் பயப்படாமல் உட்கார்ந்திருந்தான். எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தார்கள்.

ஆனால் மரத்துப்போக ஊசி போட்டார்கள், ஊசியே தேவைப்படாது என்று நம்பிப் போகாதீர்கள். அப்புறம், பல்லைக் காப்பாற்றும் முக்கிய வேலை, பல்கூழின் மேற்பகுதியைச் சுமார் 2 மில்லிமீட்டர் எடுத்துவிட்டு எம்டிஏ என்ற சிமெண்ட் மாதிரியான பொருளை வைத்து மூடுவதுதான்; லேசர் இல்லாத இடத்திலும் அதை நன்றாகச் செய்யலாம். லேசருக்குத் தனிக் கட்டணம் என்று முன்பே சொல்லாதது பெரிய குறை.

அடிபட்டுப் பல் முழுசாக விழுந்துவிட்டால் லேசர் கிளினிக்கைத் தேடி அலையாதீர்கள். வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டுப் பக்கத்துப் பல் டாக்டரிடம் ஓடுங்கள்.