தருமபுரி, கிருஷ்ணகிரியில் விற்கும் ‘ஹைப்போகுளோரஸ்’ கேன்: வாங்குமுன் சோதித்துப் பாருங்கள்

பாலக்கோடு, காரிமங்கலம், பர்கூர் பக்கம் மாட்டுப் பண்ணைகளிலும் சிறு கிளினிக்குகளிலும் 5 லிட்டர் வெள்ளைக் கேனில் "ஹைப்போகுளோரஸ் அமிலம், முழுப் பாதுகாப்பு" என்று ஒரு கிருமிநாசினித் திரவம் விற்கிறார்கள். பில் இல்லை, தயாரிப்புத் தேதி இல்லை. அப்படி வாங்கிய கேன்களில் ஒன்றின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 9.5. அது தண்ணீர் ஊற்றிய ப்ளீச். இன்னொன்றில் குளோரினே இல்லை, வெறும் உப்புத்தண்ணீர். விற்றவரின் போன் இப்போது எடுப்பதில்லை.

இந்த அமிலத்தைப் பற்றிய அறிவியல் உண்மைதான், அதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். நம் இரத்தத்தின் வெள்ளணுக்களே கிருமியைக் கொல்ல இதைத்தான் உண்டாக்குகின்றன. 1915-ல் எடின்பரோவில் போர்க்காயங்களுக்காக உருவான யூசால் கரைசலும் இதையே நம்பியது. ஆனால் அந்த ஆதாரமெல்லாம் சரியான பிஎச், சரியான அளவு, புதிதாகத் தயாரித்தது என்ற மூன்றும் சேர்ந்த திரவத்துக்கு மட்டுமே பொருந்தும்.

பிஎச் 5 முதல் 6.5 வரை இருந்தால் குளோரின் பெரும்பாலும் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 7.5-ல் பாதிதான். 9-க்கு மேல் போனால் ஏறக்குறைய எல்லாமே ஹைப்போகுளோரைட், அதாவது ப்ளீச்சில் இருக்கும் வடிவம். அதுவும் கிருமியைக் கொல்லும், ஆனால் பல மடங்கு மெதுவாக. 4-க்குக் கீழே போனால் குளோரின் வாயு கிளம்பும். அதனால் ப்ளீச்சில் வினிகரோ எலுமிச்சையோ ஊற்றி வீட்டில் இதைத் தயாரிக்க யாரும் முயல வேண்டாம். மூடிய அறையில் நுரையீரல் வெந்துவிடும்.

லாபக் கணக்கைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் 5 சதவீத ப்ளீச்சில் 50,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50,000 பங்கு) குளோரின் இருக்கிறது. 200 பிபிஎம் ஆக்க லிட்டருக்கு 4 மில்லி போதும். கேன் முழுக்க 20 மில்லி ப்ளீச்! உங்கள் கண்ணெதிரே ஒரு சொட்டு சோதனை மருந்து விட்டு மஞ்சளாக்கிக் காட்டுவார்கள். அது குளோரின் இருப்பதைத்தான் காட்டும், எந்த வடிவில் இருக்கிறது என்பதை அல்ல.

வாங்குமுன் இரண்டு சோதனை செய்யுங்கள். முதலில் பிஎச் தாள். நனைத்த உடனே நிறத்தைப் படியுங்கள், தாமதித்தால் குளோரின் தாளின் சாயத்தையே வெளுத்துவிடும். அடுத்து, ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியில் குளோரின் அளவு பார்க்கும் அதே குளோரோஸ்கோப். 10 மில்லி திரவத்தை பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலேயே குளோரின் இருக்கும். 200 பிபிஎம் என்று எழுதியிருந்தால் 2 காட்ட வேண்டும். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும் டிபிடி சோதனை மாத்திரையை, தண்ணீர் சேர்க்காத திரவத்தில் நேரடியாகப் போட்டால் இளஞ்சிவப்பு ஒரு நொடி வந்து மறையும். குளோரின் இல்லை என்று ஏமாறாதீர்கள், அதிகமாக இருப்பதால் நிறமே அழிந்துபோகிறது.

நல்ல சரக்கும் இங்கே சீக்கிரம் கெடும். வெயிலும் சூடும் பட்டால் வீரியம் போய்விடும், ஒளி ஊடுருவும் கேனில், தகரக் கொட்டகையில் வைத்தது நிற்காது. அடர் திரவத்தை நம் போர்வெல் கடின நீரில் கலந்தால், அதிலுள்ள காரத்தன்மை பிஎச்சை 8-க்கு மேல் ஏற்றிவிடும். உப்புநீரில் மின்சாரம் செலுத்தி இதைத் தயாரிப்பதாக விற்கும் யுஎஸ்பி ஸ்ப்ரே பாட்டில்களில் மின்தகடுகளுக்கு இடையில் சவ்வு கிடையாது, உப்புநீரிலிருந்து அவை தருவது பெரும்பாலும் ஹைப்போகுளோரைட்தான். கடின நீர் ஊற்றினால் தகட்டில் சுண்ணாம்புப் படிவு சேரும். தண்ணீரிலுள்ள ஃபுளோரைடை இவை நீக்கும் என்று சொன்னால் அது முழுப் பொய்.

சாணம், பால், இரத்தம் எதன் மேல் தெளித்தாலும் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும். முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு தெளித்து, லேபிள் சொல்லும் நேரம்வரை ஈரமாகவே விடுங்கள். "99.9 சதவீதம்" சான்றிதழ் காட்டினால், அது அழுக்குச் சூழலில் செய்த சோதனையா என்று கேளுங்கள். ஐரோப்பிய இஎன் 1276 சோதனை முறையில் அழுக்குக்குப் பதிலாக ஆல்புமின் என்ற புரதத்தைச் சேர்ப்பார்கள்: சுத்தச் சூழலுக்கு லிட்டருக்கு 0.3 கிராம், அழுக்குச் சூழலுக்கு 3 கிராம். மனிதர் மேல் தெளிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லிவிட்டது.

ஏற்கெனவே வாங்கியவர்கள் கேனைக் கொட்டிவிடாதீர்கள். லேபிள், பணம் அனுப்பிய ரசீது, சோதனைத் தாளின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுக்கலாம்.